லைனில் ஒரு பார்ட்டி

ஜவ்பர் காதில் போனை வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கார் விற்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த நாடகம் மனப்பாடம்.

“வேற ஒரு பார்ட்டி லைன்ல இரிக்காங்க சேர்,” என்றார் போனைப் பொத்தியபடி. “அவங்களும் இதே காரைத்தான் கேக்கிறாங்க.”

நான் சிரித்தேன். யார் அந்தப் பார்ட்டி என்று கேட்டேன். பேரைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். இல்லாத ஆளுக்குப் பேர் எங்கிருந்து வரும்?

துறைமுக வீதியில் இருந்த அந்தக் கார் யார்ட்டுக்கு நான் தனியே வந்ததே பெரிய வீரம். எங்கள் வீட்டில் விலை பேசுவது என் மனைவி நிலுஷா. மீன் வாங்கப் போனால் என்னைச் சைக்கிளுக்குக் காவல் வைத்துவிட்டுத்தான் கூடைப் பக்கம் போவாள். என் முகத்தைக் கண்டாலே மீன்காரர் விலையை ஏற்றிவிடுகிறாராம்.

அவள் சொல்வதிலும் பிழையில்லை. போன காரை நான்தான் பேசி வாங்கினேன். ஒயில் மாற்றத்தான் சேர்விசுக்கு விடுவேன். திரும்பி வரும்போது பிரேக், பெல்ட், பேர் தெரியாத ஏதோ றப்பர் எல்லாம் மாறியிருக்கும். கார் மட்டும் பழையபடி இருமிக்கொண்டே இருக்கும். உண்மையில் சேர்விஸ் நடந்தது எனக்குத்தான். கடைசியில் அதை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டோம்.

இந்தக் காரின் விளம்பரத்தைப் பேப்பரில் காட்டியதும் நிலுஷாதான். விலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டாள். இதைக் குறைந்த விலைக்குப் பேசி முடித்து, வாசலில் கொண்டுபோய் நிறுத்தி ஹோர்ன் அடித்தால் எப்படி இருக்கும்? இந்தச் சென்மத்தில் ஒரு தடவையாவது அவள் என்னை மெச்ச வேண்டும். அந்த ஆசைதான் என்னை இழுத்துவந்தது.

பேப்பரில் ஒரு விலை, யார்ட்டில் ஒரு விலை. கேட்டால், கொம்பனி ஏஜென்டிடமே சேர்விஸ் செய்த கார், அதனால்தான் கூட என்றார் ஜவ்பர். நானும் விடவில்லை. டயரை உதைத்தேன். பொனட்டைத் திறந்து உற்றுப் பார்த்தேன். எஞ்சின் உள்ளேதான் இருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“பேப்பர் விலையில இருந்து ரெண்டு லட்சம் குறையுங்கோ. இல்லாட்டி நான் போறன்,” என்றேன்.

லைனில் இருக்கும் பார்ட்டி அதைவிடக் கூடத் தருகிறதாம்.

விலை படியாவிட்டால் நடக்க வேண்டும், பின்னால் கூப்பிடுவார்கள். இது நிலுஷாவின் பாடம். நடந்தேன். எங்கள் ஊர் வீதிகளில் மாடுகளைப் போலத் திரியும் மான்களில் ஒன்று, கேற்றடியில் நிழலுக்கு நின்றது, எனக்கு வழிவிட்டது. ஜவ்பர் கூப்பிடவில்லை. சும்மா நிற்பது வெட்கமாக இருந்ததால் நிலுஷாவுக்குப் போன் அடித்தேன். என்கேஜ். தங்கச்சியோடு கதைக்கத் தொடங்கினால் அவளுக்கு அடுப்பில் வைத்த கறிகூட ஞாபகம் இருக்காது.

அப்போதுதான் ஜவ்பரின் குரல் கேட்டது. “சரி, அப்ப அட்வான்ஸைக் கொண்டு வாங்க. காரை உங்களுக்கே வைக்கிறன்.”

அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே ஆள் இருக்கிறது. ஓடித் திரும்பி வந்து, பேப்பர் விலையே தருகிறேன் என்றேன். ஜவ்பர் அதைப் போனில் சொன்னார். அந்தப் பக்கம் அரை இலட்சம் கூட்டியது. நானும் கூட்டினேன். அந்தப் பக்கம் திரும்பவும் கூட்டியது. ஜவ்பர் முதலில் கேட்ட விலையை நாங்கள் இரண்டு பேரும் எப்போதோ தாண்டியிருந்தோம். சரியான பிடிவாதம் பிடித்த ஆள். இப்படி ஒரு சனியனோடு எந்தப் பாவி குடும்பம் நடத்துகிறானோ என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என்னிடம் மிஞ்சியிருந்தது குசினிக் கூரை மாற்ற வைத்த காசு மட்டும்தான். மாரிக்கு முன் கூரை போட்டே ஆக வேண்டும் என்று நிலுஷா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. கூரைக் காசு முழுவதையும் சேர்த்து ஒரே அடியாக விலை சொன்னேன்.

ஜவ்பர் ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் அதைப் போனில் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனை மேசையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

“அவங்களுக்கு இதுக்கு மேல ஏலாதாம். கார் உங்களுக்குத்தான் சேர்.”

அட்வான்ஸைக் கட்டினேன். திருப்பித் தரப்படமாட்டாது என்று ரிசீட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்கென்ன, நான்தான் வென்றுவிட்டேனே. தோற்ற ஆளின் முகத்தை ஒருமுறை பார்க்கக் கிடைத்தால் நல்லது என்றுகூட இருந்தது.

நிலுஷாவுக்கு மறுபடியும் அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னமே அழுகையும் ஆத்திரமுமாகத் தொடங்கிவிட்டாள்.

“ஒரு கிழமையா நான் ஜவ்பரிட்டப் பேசி வச்ச காரை, ஆரோ ஒரு விசரன் கூட்டிக் குடுத்து எடுத்திட்டானப்பா.”