கோடையில் சொன்ன கதை

கதை கேட்கும்போது நாம் ‘உம்’ கொட்டுவதுபோல, அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டாப் பெண்கள் ‘ஹான்’ கொட்டுவார்கள். அந்தச் சத்தம் நின்றால் கதையும் நின்றுவிடும்.

பனி விழ ஆரம்பித்ததும் டெல்மர் தினமும் சாயங்காலம் டென்வரில் இருக்கும் தங்கை வெர்லாவுக்குப் போன் போட்டுக் கதை சொல்வான். அவளும் சளைக்காமல் ‘ஹான்’ கொட்டுவாள். சாவதற்குமுன் அப்பா தன்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போன கதையைக்கூடப் போன குளிர்காலத்தில் அவளிடம் ஒப்படைத்துவிட்டான்.

இப்போது ஜூலை. வெயில் மண்டையைப் பிளந்தது. தங்கையைச் சீண்டிப் பார்க்கும் ஆசையில் போன் போட்டான்.

“ஒரு நாள் இக்டோமி ஆத்தங்கரைக்குப் போனானாம்…”

இக்டோமி தந்திரக்காரச் சிலந்தி. அவன் கதையைக் கோடையில் சொன்னால் வீட்டுக்குப் பாம்பு வரும். சின்ன வயதில் டெல்மர் இப்படி வம்பு பண்ணினால், வெர்லா அலறிக்கொண்டு ஓடிவந்து அவன் வாயைப் பொத்துவாள்.

“ஹான்,” என்றது போன்.

டெல்மரின் சிரிப்பு பாதியில் நின்றது. தொல்லை பிடித்தவர்களிடம் நம் குரலிலேயே பேசிச் சமாளிக்கும் வசதி இப்போது எல்லாப் போனிலும் இருக்கிறது. அறுவை போடும் விற்பனைக்காரர்களிடம் அவனே அதைத்தான் பேச விட்டுவிடுவான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அந்த மௌனத்துக்கும் போன் ஒரு ‘ஹான்’ கொட்டியது.

“வெர்லா, அப்பா கதையைக் கேட்டதாவது நீதானேடி?”

அதே குரல், அதே பாசம்.

“ஹான்.”