பாதிக் கட்டணம்

“அந்த இன்னொரு பள்ளிக்கூடத்துல இதுல பாதிதாம்மா வாங்கறாங்க. குதிக்கப்போறது அதே வானத்துலேருந்துதானே?” என்றார் பஸ் டிரைவர்.

விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. அதன் வரவேற்பறையில் கட்டண அட்டையைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சீருடையைக்கூட மாற்றாமல் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். பக்கத்து நாற்காலியின் நுனியில் அவர் மனைவி, கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டு.

வரவேற்புப் பெண்ணுக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. புதிதாக வருகிறவர்கள் முதலில் விலையில்தான் வந்து நிற்பார்கள்.

“கத்துக்கப்போறது நீங்களா சார்?”

“பையனுக்காகக் கேக்கறேன். ஒரே பையன். சின்ன வயசுலேருந்தே இந்தப் பைத்தியம்தான்.”

“மொத்தமா பாத்தா மலைப்பாத்தான் இருக்கும் சார். ஆனா அதுல என்னென்ன அடங்கியிருக்குன்னு பாக்கணும். எங்ககிட்ட மூணு நாள் தரையிலயே பயிற்சி. அதுல தேறினாத்தான் விமானத்துல ஏத்துவோம்.”

“அங்க ஒரே நாள்தான்.” அவர் குரல் இறங்கியது. பிறகு நிமிர்ந்தார். “ஒரு நாள்ல சொல்லிக்குடுக்கறதைத்தானே நீங்க மூணு நாளா இழுக்கறீங்க? சூட்டிகையான பையனுக்கு ஒரு நாள் போதாதா?”

“போதாது சார். கீழ நிக்கறப்ப எல்லாம் ஞாபகத்துல இருக்கும். மேல கதவைத் திறந்ததும் பாதி மறந்துடும். அதனாலதான் ஆரம்பத்துல ரெண்டு பயிற்சியாளருங்க கூடவே குதிச்சு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்குவாங்க. விலை கம்மியான இடத்துல ஒருத்தர்தான் வருவார்.”

“ஒருத்தர் பத்தாதுங்கறீங்க.”

“அந்த ஒருத்தர் கை நழுவிட்டா?”

அவர் கட்டண அட்டையை மடியில் கவிழ்த்தார். மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள்.

“என்னங்க, கேட்டது போதும். வாங்க போலாம்.”

“இரு. வந்தது வந்தாச்சு, முழுசா கேட்டுடறேன்.”

மகனை அனுப்ப இந்த அம்மாவுக்குப் பயம் என்று வரவேற்புப் பெண்ணுக்குத் தோன்றியது. ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். “பயப்படாதீங்கம்மா. சார் கேக்கறது நல்லதுதான். பொண்ணு குடுக்கப்போற வீட்டை விசாரிக்கற மாதிரி துருவித் துருவிக் கேக்கறார்.”

அந்த அம்மாள் தண்ணீரைத் தொடவே இல்லை.

“சரி, பாராசூட்டுக்கு வருவோம்,” என்றார் பஸ் டிரைவர். “எல்லாம் ஏதோ ஒரு கம்பெனியில தைச்சு வர்றதுதானே? அது திறக்கறதும் திறக்காததும் அவனவன் நேரம். அதுக்குப் பள்ளிக்கூடம் என்னம்மா பண்ணும்?”

ஒரு ‘ஆமாம்’ கிடைத்துவிடாதா என்பதுபோல் அவள் முகத்தையே பார்த்தார். அவள் எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த முதுகுப்பை ஒன்றை எடுத்துவந்து அவர்முன் வைத்தாள்.

“நேரம் காலம்னு விட்டுட முடியாது சார். இதுல ரெண்டு பாராசூட் இருக்கு. ஒண்ணு சிக்கிக்கிட்டா இன்னொண்ணு. ஆள் பதறிப்போய் எதையுமே இழுக்காம விட்டுட்டாலும், இதோ இந்தச் சின்னக் கருவி, தரை வர்றதுக்கு முன்னாடி தானாவே ரெண்டாவதைத் திறந்து விட்டுடும். செலவை மிச்சம் பிடிக்கற இடங்கள்ல இதை வைக்கறதில்ல. எங்ககிட்ட விலை கூடன்னா இதுவும் ஒரு காரணம்.”

தீப்பெட்டி அளவுதான் இருந்தது அது. அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

“இது இருந்தா... கண்டிப்பா திறந்திருக்குமா?”

“திறக்கும் சார்,” என்று சிரித்தபடி திருத்தினாள் அவள்.

“இங்க இதுவரைக்கும் யாருக்கும் எதுவும் ஆனதில்லையா? ஒருத்தருக்குக்கூடவா?”

“கணுக்கால் சுளுக்கு நிறைய பாத்திருக்கோம். அதுக்கு மேல ஒண்ணுமில்ல சார்.”

மனைவி கண்களை மூடிக்கொண்டாள். “எழுந்திரிங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

பஸ் டிரைவர் அசையவில்லை. பேரம் படியும் நேரம் இதுதான் என்று வரவேற்புப் பெண் நினைத்தாள். குரலைத் தாழ்த்தி, சொந்த மனிதர்களிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

“பணம்தான் யோசனைன்னா ஒரேயடியா கட்ட வேண்டாம் சார். தவணை இருக்கு. ஆறு மாசத்துல மெதுவா கட்டிக்கலாம்.”

“தவணையா?” அவர் முகம் வெளிறியது. “தவணை இருக்குன்னு யாரும் சொல்லலியேம்மா...”

“அதான் இப்பத் தெரிஞ்சுபோச்சே. பையன் விஷயத்துல பாதிக்கும் முழுசுக்கும் கணக்குப் பாக்காதீங்க சார். ஒண்ணு ஆயிட்டா அப்புறம் எவ்வளவு குடுத்தாலும் வராது. சொல்லுங்க, தம்பியை எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?”

பஸ் டிரைவர் முதுகுப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மனைவி அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். தோளில் கைகொடுத்து அவரை எழுப்பி நிறுத்திவிட்டு, வரவேற்புப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

“போன மாசம்தாம்மா அவனை அடக்கம் பண்ணோம்.”