மூன்றாவது கம்பி

"பாக்குத் தின்னியா, இல்லியா? உண்மையச் சொல்லு!"

நார்த் பிரிட்ஜ் ரோட்டில் பல் டாக்டரின் மாடி அறையே அதிரும்படி கத்தினார் ஒலி முகம்மது. சாய்வு நாற்காலியில் கிடந்த மகள் சாயிரா அவரை நேராகப் பார்த்தாள். கீழுதட்டில் சின்னக் கீறல் ஒன்று சிவந்திருந்தது.

அவள் முன்பற்களைச் சுற்றிக் கட்டிய கம்பி மறுபடியும் அறுந்துவிட்டது. இது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும், "அடுத்த மாசம் கழற்றிடலாம்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிய கையோடு அறுந்துகொண்டிருந்தது.

கம்பி கழன்றால்தான் நிக்காஹ். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, பினாங்கு வியாபாரி அப்துல் கஃபார், "எல்லாம் திருப்தி. பல்லு மட்டும் முன்னால நிக்குது, அதை நேராக்கிடுங்க" என்றார். இந்த டாக்டரின் பெயரைச் சொன்னவரும் அவரேதான். ஒலி முகம்மதுவின் கடைக்குப் பாதிச் சரக்கு அவரிடமிருந்து வருகிறது. அப்படிப்பட்ட சம்பந்தம் ஒரு கம்பியால் கைநழுவிப் போவதா?

"உங்க கம்பி மட்டமான கம்பி!" என்று டாக்டர் மேல் பாய்ந்தார். "மாப்பிள்ளைக்கு நீங்க செஞ்சது மட்டும் எப்படி நிக்குது? அவர் சிரிச்சா மேலயும் கீழயும் ஒரே வரிசை. ஒரு பல்லு கோணலுண்டா?"

அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த சீன டாக்டர் அவர். கோபப்படாமல், முதலாளி என்ற மரியாதையில் 'தவ்கே' போட்டு மலாய் மொழியில் பதில் சொன்னார்.

"அது வேற வேலை, தவ்கே. இது பல்லை எலும்புக்குள்ளயே மெல்ல மெல்ல நகர்த்துற வேலை. கம்பி அறுந்தா பல்லு பழைய இடத்துக்குத் திரும்பிடும். கழற்றின பிறகும், பல்லு நிலைக்கிற வரைக்கும் அதைப் பிடிச்சுக்க வாய்க்குள்ள ஒரு தட்டு போட்டுக்கணும். வீட்ல பெத்தவங்கதான் கவனமாப் பார்த்துக்கணும்."

"இன்னும் தட்டு வேறயா!" ஒலி முகம்மதுவுக்குத் தலை சுற்றியது. கோபம் வந்தால் அவருக்கு வெற்றிலை வேண்டும். மூலையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்த மனைவி ஆமினா பீவியிடம் கையை நீட்டினார். பல் டாக்டரிடம் துப்புவதற்குப் பாத்திரம் இல்லாமலா போகும்!

அவள் சுருக்குப்பையைத் திறந்து மடித்துக் கொடுத்தாள். ஒரே கடியில் முகம் சுளித்தார்.

"என்ன இது, முழுப் பாக்கா? நறுக்கிப் போட்டா கை தேஞ்சிடுமா?"

"பாக்குவெட்டி வாய் போயிடுச்சுங்க" என்றாள் ஆமினா பீவி, தலையைக் குனிந்தபடியே.

"வீட்ல ஒரு சாமானாவது ஒழுங்கா இருக்கா!"

டாக்டர் அறுந்த கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "தவ்கே, கடிச்சு அறுந்த கம்பி நசுங்கியிருக்கும். இது பாருங்க, இந்த முனை..."

"நீங்க சும்மா இருங்க! முனையும் வேணாம், ஒண்ணும் வேணாம். அடுத்த வாரக் கப்பல்ல மாப்பிள்ளை வர்றார். அவர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

மகள் பக்கம் திரும்பினார். அவள் கண்ணில் பயமில்லாதது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. தின்பதையும் தின்றுவிட்டு, தெனாவெட்டாகப் பார்க்க வேறு செய்கிறாளே!

"தின்னதை ஒத்துக்க மாட்டே? பல்லோட சேர்த்து உதிர்த்துடறேன், பாரு!"

ஓங்கிய கை இறங்கவில்லை. யாரோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தால் ஆமினா பீவி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் குரலைக்கூட உயர்த்தாதவள். இப்போது அவள் பிடி தளரவில்லை.

இன்னொரு கையால் சுருக்குப்பையைத் துழாவி, பாக்குவெட்டியை எடுத்து டாக்டரின் மேசைமேல் டங்கென்று வைத்தாள். அதன் வாயில் மூன்று இடத்தில் பொடிப்பொடியாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"அவ எதையும் கடிக்கல. அவளே வாயைத் திறந்து காட்டுனா. மூணு தடவையும் நான்தான் வெட்டுனேன்."

"ஏன்டி?" என்றார் ஒலி முகம்மது. "உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா, பைத்தியந்தான்!" அறையே அதிர்ந்தது, இந்த முறை அவள் குரலில். "வாயில ஒரு பல்லுகூடச் சொந்தமில்லாத கிழவனுக்கு, எம்புள்ள பல்லு மட்டும் நேரா இருக்கணுமோ?"