உருவமில்லா மஹர்

"உருவமே இல்லாத ஒண்ணைக் குடுத்து என் தம்பி மகளைக் கட்டிக்கிட்டுப் போகலாம்னு பார்க்கிறீங்களா மாப்பிள்ளை?"

ஹாஜி முக்லாசின் கேட்டதும் பந்தலில் மேளம் நின்றது. ஜொம்பாங் வட்டார உலமாக்கள் கூட்டத்தில் அவர் வாதாட எழுந்தால், எதிராளி தன் காபியை ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார் என்று சொல்வார்கள். சொல்பவர் பெரும்பாலும் ஹாஜியேதான்.

மேசைமேல், மல்லிகை சுற்றிய கண்ணாடிச் சட்டத்துக்குள் மஹர் இருந்தது. மாப்பிள்ளை ஃபஹ்ரிசால் பெண்ணுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது டிஜிட்டல் நாணயம். மஹரைச் சபையில் காட்டியாக வேண்டும். இதை எங்கே போய்க் காட்டுவது? படமாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள்.

மாப்பிள்ளை பணிவாகத்தான் ஆரம்பித்தான். இதை வாங்கலாம், விற்கலாம், மதிப்பும் இருக்கிறது. ஆகவே இதுவும் சொத்துதான், மார்க்கத்தில் தாராளமாகக் கூடும் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இதெல்லாம் இந்தக் காலத்து விஷயம் பெரியப்பா. உங்க பழைய கிதாபுகள்ல தேடினா கிடைக்காது."

ஹாஜி தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்றால் அது சூதாட்டத்துக்குத் தம்பி என்றார். மஹர் இன்னது, இவ்வளவு என்று தெளிவாக இருக்க வேண்டும், பெண்ணின் கையில் ஒப்படைக்க முடிய வேண்டும் என்றார். நடுநடுவே அரபியில் மேற்கோள் காட்டினார். புரியாதவர்கள் கூடுதலாகத் தலையாட்டினார்கள்.

திருமணப் பதிவாளருக்கு அடுத்த ஊரில் இன்னொரு நிக்காஹ் காத்திருந்தது. சீக்கிரம் ஒரு முடிவுக்கு வராவிட்டால் தான் கிளம்புவதாகவும், இனி அடுத்த வாரம்தான் வர முடியும் என்றும் சொல்லிவிட்டார்.

பெண்ணின் தகப்பனார் சொலிகினுக்கு வேர்த்துக் கொட்டியது. ஊரையே அழைத்து, மாடு அறுத்து, அடுப்பில் ராவோன் என்ற கறுப்புக் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சொன்ன மஹரைக் கொடுக்க வக்கில்லாதவனுக்குப் பெண் கிடையாது என்று ஆரம்பத்திலேயே கறாராகப் பேசியவர் வேறு.

மணப்பெண் உல்ஃபியா நிமிர்ந்தாள்.

"மஹர் என்னோட உரிமை பெரியப்பா. எனக்கு இதுதான் வேணும். கல்லு வச்ச மோதிரமெல்லாம் இப்ப யாரு போடறா?"

ஹாஜியின் முகம் சிவந்தது. அவர் விரலில் இருந்தது வெள்ளியில் பதித்த அகீக் கல். அதன் விலையை ஊரில் அறியாதவர் கிடையாது, அவர் விட்டால்தானே! அத்தனை பேர் பார்வையும் அந்த விரலுக்கு வந்து நின்றது. இனி உட்காரவும் முடியாது. இழுத்து, முறுக்கி, எச்சில் தொட்டுக் கழற்றினார்.

"மாப்பிள்ளை, இது உங்களுக்கு என்னோட அன்பளிப்பு. இனி உங்க பொருள். இதை மஹராக் குடுங்க. இதுக்கு உருவம் இருக்கு, கனம் இருக்கு. யாரு போடறான்னு நானும் பார்க்கிறேன்."

உல்ஃபியா கொஞ்சம் முரண்டு பிடித்தாள். பிறகு பெரியவர் சொல்லுக்காகச் சம்மதித்தாள். ஃபஹ்ரிசால் மோதிரத்தை மஹராகச் சொல்லி, ஒரே மூச்சில் தடுமாறாமல் ஒப்புதலை ஒப்பித்தான். சாட்சிகள் "செல்லும், செல்லும்" என்றார்கள். மேளம் மறுபடி முழங்கியது. சொலிகின் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மார்க்கத்தையும் குடும்ப மானத்தையும் ஒரே காலையில் காப்பாற்றிய ஹாஜி, குழம்பை மூன்றாவது முறை ஊற்றச் சொன்னார். வந்தவர் போனவரெல்லாம் அவர் கையை முத்தமிட்டார்கள். வெறும் விரலைச் சற்று நீட்டியே வைத்திருந்தார். பிறகு அதே கையால் மணமக்களுக்கு துஆ செய்துவிட்டு வரலாம் என்று மேடைக்குப் பின்வழியாக ஏறினார். பூ அலங்காரத்துக்கு அந்தப் பக்கம் உல்ஃபியா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாணயத்தோட பாஸ்வேர்டைத் தொலைச்சுட்டு, கல்யாணமே நின்னுடும்னு அழுதீங்களே! பெரியப்பா முன்னாடி 'கூடும்'னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை அவரே பார்த்துப்பாருன்னு நான் சொன்னேனா இல்லையா?"