மரத்தரையில் மாக்கோலம்

குடிவந்த முதல் வெள்ளிக்கிழமை மீனாள் கூடத்து மரத்தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அரிசிமாவைக் கரைத்து வாசலையொட்டித் தாமரைக் கோலம் போட்டாள். அவசரத்தில் ஒரு இதழ் கோணிப்போனது.

"மரத்துல தண்ணி ஊத்துவாங்களாடி?" என்று கணவன் சொக்கலிங்கம் கத்தினான்.

"ஏன், மரத்துக்கு வெள்ளிக்கிழமை கிடையாதா?" என்று அவள் சிரித்தாள்.

மாவு மரத்துக்குள் இறங்கிவிட்டது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. மீனாள் இறந்த பிறகு, வருகிறவர் போகிறவர் கால் பட்டுப் பாதிக் கோலம் தேய்ந்துபோனது. அவன் மட்டும் அதைத் தாண்டியே நடந்தான்.

"துக்க வீட்டுல வருசம் திரும்பாம கோலம் இருக்கக் கூடாது, சொக்கு," என்று சொல்லி, அவனைப் பெற்ற ஆத்தா பாலிஷ்காரரை வரவழைத்தாள். அவர் வாசலில் மண்டியிட்டுக் கறையைத் தடவிப் பார்த்தார்.

"தேய்ச்சு எடுத்துரவா சார்? எடுக்காம மேல பாலிஷ் போட்டா உள்ளயே நின்னுரும். அப்புறம் யார் நடந்தாலும் அழியாது."

ஆத்தா அவனையே பார்த்தாள்.

"எடுக்க வேணாம்," என்றான். "மேல போடுங்க. ரெண்டு கோட்டிங்."