வாய்வழி எதுவும் கூடாது

சிறுகுடலுக்குள் ஊர்ந்துபோய்க் கட்டியை வெட்டும் மாத்திரையை விழுங்கிய மறுநாளே, தணிகாசலம் மாரடைப்பில் போய்விட்டார். மாத்திரை மட்டும் வேலையை நிறுத்தவில்லை.

கூடத்தில் கிடத்தியிருந்தவருக்கு வாய்க்கரிசி போடக் குனிந்த மனைவி புஷ்பராணியின் கை, இடுப்பில் செருகியிருந்த போனில் மாத்திரையின் செயலி பேசியதும் நின்றது.

"அறுவை நடக்கிறது. வாய்வழி எதுவும் கொடுக்காதீர்கள்."

"பாடை ரெடியாயிடுச்சு. போடும்மா," என்றார் அவள் அண்ணன்.

"இருண்ணா, இன்னும் முடியல. பசிக்குதுன்னு ரெண்டு நாளா கெஞ்சினாரு. ஒரு வாய் கஞ்சிகூட நான் குடுக்கல."

யாரும் அவளை அதட்டவில்லை. மூடிய கைக்குள் அரிசி வியர்வையில் ஊறியது. உச்சிவேளையில் போன் மறுபடி பேசியது.

"கட்டி முழுவதும் அகற்றப்பட்டது. இனி கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு கொடுக்கலாம்."

"சாப்பிடுங்க," என்று சொல்லி, புஷ்பராணி அவர் வாயில் அரிசியைப் போட்டாள்.