காகிதப் புனல்

"ஏம்மா கோதை, என் ஊட்டுப் புனலுக்கு இன்னா வந்துச்சு? பளபளன்னு புதுசாத்தான கீது?"

கேட்டவள் வீட்டுக்காரி ஜானகியம்மாள். ஆரம்பாக்கத்தில் நெல் வயலும் மாந்தோப்பும் உள்ள குடும்பம்.

பதில் சொல்ல வேண்டியவள் பின்கட்டில் குடியிருக்கும் கோதைநாயகி. அவள் கணவர் எம்பார், திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. தினமும் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போய் ஒரு இரும்புக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார்.

கோதை ஸ்டவ்வை முன்னால் இழுத்து வைத்தாள். எழுபத்திரண்டாம் வருஷக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தாள். கடையில் கடலைக்குப் பொட்டலம் போடுவது போல மூலையிலிருந்து கூம்பாகச் சுருட்டி, ஓரத்தை உள்ளே செருகினாள். கூர்முனையைக் கத்தரித்தாள். அதை ஸ்டவ்வின் வாயில் வைத்துக் கிரசினை ஊற்றினாள். பாதி உள்ளே போயிற்று. மீதி தரைக்கு.

"கிரசின் கெடைக்கிறதே பேஜாரா கீது. இப்பிடிக் கொட்டிக்கினு இருக்கியே. இந்தா, இத்த வெச்சு ஊத்து."

"வேண்டாம் அக்கா. இதுவே போதும்."

"எப்பிடி வாங்கும்?" என்றது கிணற்றடியிலிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள். தண்ணீர் எடுக்க வந்தால் தண்ணீரைத் தவிர மற்றதையெல்லாம் கவனிப்பவள்.

"ஐயிரூட்ல நம்ம சாமானப் புழங்குவாங்களா? தீட்டு ஒட்டிக்கும்ல. அதான் தாளச் சுருட்டிக்கினு கீது."

ஜானகியம்மாளுக்கு அதுவரை அப்படித் தோன்றியதே இல்லை. இப்போது சுருக்கென்றது.

"அப்பிடியா கோதை?"

கோதை நனைந்த தாளைக் கசக்கி எறிந்தாள். அடுத்த தாளைக் கிழித்தாள்.

"போன வருசம் வரைக்கும் தீட்டு இல்லியா? ஆட்டுக்கல்லு, சல்லடை, என் தகரப் புனலு, அல்லாம் வாங்கிக்கினு போவியே. அந்தப் புனலைத் தொலைச்சிட்டு வந்து நின்னே. நான் ஒரு வார்த்த கேட்டனா? உன் கொழந்த வாந்தியெடுத்து வெட்டி வெட்டி இழுத்தப்போ, மடியில போட்டுக்கினு வண்டில ஆஸ்பத்திரிக்கு ஓடினது யாரு? அது போனப்புறம் பொதைக்க எங்க தோப்புல எடம் குடுத்தது யாரு? அப்ப எங்க கை சுத்தமா இருந்துச்சா?"

அந்தக் குழந்தை கோதையின் இடுப்பில் இருந்ததைவிட ஜானகியம்மாள் இடுப்பில் இருந்த நேரம்தான் அதிகம்.

"வாயத் தொறந்து 'இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் நம்பறேன்."

"மன்னிச்சுக்கோங்க அக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். யார் கேட்டாலும் நியாயம் ஜானகியம்மாள் பக்கம் என்றுதான் சொல்வார்கள்.

"சரிம்மா. என் புனலைத் தொடாதவங்க என் ஊட்ல மட்டும் எதுக்கு இருக்கணும்? மாசம் பொறந்ததும் காலி பண்ணிக்குங்க."

ஆரம்பாக்கத்தில் ஒரு செய்தி பரவ ரேடியோ வேண்டாம். குப்பம்மாள் போதும். சாயங்காலம் எம்பார் ரயிலைவிட்டு இறங்கியபோதே, டீக்கடை அரசப்பன் பிடித்துக்கொண்டான்.

"இன்னா சாமி, கம்பெனில எல்லாரோடயும் ஒண்ணாக் குந்திக்கினு சாப்பிடறீங்க. ஊட்ல மட்டும் தீட்டா?"

எம்பார் வீட்டுக்கு வந்தார். கோதை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருக்கலாமே கோதை."

"எதைச் சொன்னாலும் அக்கா தோண்டித் தோண்டிக் கேப்பா. புனலைத் தொலைச்சுட்டேன்னு சொன்ன ஒரு பொய்க்கு மேலே நேக்குச் சொல்ல வராது."

"அவா வச்சிருக்கறது இப்போ புதுப் புனல்தானே?"

"தெரியும். ஆனா எந்தப் புனலையும் தொட மனசு வரலை. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்போ நிஜத்தையே சொல்லிடு. இந்த வீட்டை விட்டுட்டா, நெனைச்சப்போ தோப்புக்குப் போய்க் கொழந்தை பக்கத்திலே உக்கார முடியுமா?"

கோதை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்னன்னு சொல்றது? அவ ஆத்துக்காரர் பயிருக்கு எண்டிரின் பூச்சிமருந்து ஊத்தின புனலைக் கழுவாம மாட்டி வெச்சிருந்தார். அது தெரியாம அக்கா எடுத்துக் குடுத்தா. அதை வெச்சு ஊத்தின விளக்கெண்ணெயைத்தான் நான் கொழந்தைக்குக் குடுத்தேன். இதைச் சொல்லட்டுமா?"

எம்பார் சாக்கின் வாயைப் பிடித்துக் கொடுத்தார். டாக்டர் தன்னிடம் மட்டும் விஷம் என்று சொன்ன அன்றே அந்தப் பழைய புனலைத் தூரக் கொண்டுபோய்ப் புதைத்தவர் அவர்தான். பூச்சிமருந்துக்கென்று சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனிப் புனல் ஒன்றை வீட்டுக்காரருக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"ஊரே நம்மளைத் தீட்டுப் பாக்கறவான்னு பேசறதே கோதை" என்றார்.

"பேசட்டும். தீட்டுன்னு நெனைச்சா அக்கா என்னைத்தான் திட்டுவா. நிஜம் தெரிஞ்சா, சாகற வரைக்கும் தன்னையே திட்டிண்டிருப்பா."